சிரித்துக்கொண்டே பாரம் தூக்கியவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு மனிதரின் கதை. அவர் பெயர் யோன் பால் சிக்மார்சன். ஐஸ்லாந்துக்காரர். 1984, 1986, 1988, 1990 என நான்கு ஆண்டுகளில் ‘உலகின் மிக வலிய மனிதர்’ பட்டத்தை வென்றவர். அந்தப் பட்டத்தை நான்கு முறை வென்ற முதல் மனிதர் அவர்தான். சிக்மார்சன் என்றால் சிக்மாரின் மகன், அவ்வளவுதான். அந்த நாட்டில் பிரதமரைக்கூட இயற்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே நாமும் அவரை யோன் பால் என்றே அழைப்போம்.

அவரோடு களத்தில் நின்றவர்களில் அவரைவிட உயரமானவர்கள் இருந்தார்கள். அவரைவிட எடை கூடியவர்கள் இருந்தார்கள். ஒற்றை முயற்சியில் அவரைவிட அதிகம் தூக்கக்கூடியவர்களும் இருந்தார்கள். பிறகு எப்படி அவர் வென்றார்? ஒருமுறை வென்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நான்கு முறை எப்படி வென்றார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரம் தூக்குவது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கனத்தைக் கண்டால் மற்றவர்களுக்கு முகம் இறுகும்; அவருக்கு முகம் மலரும். அந்த மலர்ச்சியைக் கூட்டத்தைக் கவர்வதற்கான வேடிக்கை என்று பலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதுதான் அவருடைய பலம். அதைத்தான் இந்த ஒரு மணி நேரமும் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் அவர் வளர்ந்த மண்ணைப் பார்ப்போம்.

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்னைஃபெல்ஸ்னெஸ் என்றொரு தீபகற்பம். அதன் வடகரையில் ஸ்டிக்கிஸ்ஹோல்முர் என்ற சிறிய மீன்பிடித் துறைமுகம். 1960 ஏப்ரல் 28 அன்று பிறந்த யோன் பால் சிறுவயதில் வளர்ந்தது அங்கேதான். அதே தீபகற்பத்தின் மேற்கு முனையில், கருங்கூழாங்கற்கள் பரவிய ஒரு கடற்கரையில், நான்கு கற்கள் கிடக்கின்றன. மிகச் சிறியது 23 கிலோ. அடுத்தது 54 கிலோ. மூன்றாவது 100 கிலோ. நான்காவது 154 கிலோ. அந்தக் காலத்தில் படகில் வேலை கேட்டு வருகிறவன் இந்தக் கற்களை இடுப்பு உயரப் பாறைத் திட்டின் மேல் தூக்கி வைத்துக் காட்ட வேண்டும். 54 கிலோக் கல்லைக்கூட அசைக்க முடியாதவனுக்குக் கடலில் இடம் இல்லை. பெரிய கல்லைத் தூக்கியவன் முழு வலுவுள்ளவன் என்று பெயர் பெறுவான்.

நம் தென்மாவட்டக் கிராமங்களில் ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே கல்யாணத்துக்குக் கல். அங்கே கடலுக்குக் கல். அலை புரட்டும்போது துடுப்பை விடாத கை வேண்டும். ஒருவன் தளர்ந்தால் படகிலிருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. அதனால்தான் அந்தச் சோதனை.

இன்னொரு கல்லும் இருக்கிறது. ஹூசஃபெல் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ப்யோர்ன்சன் என்ற பாதிரியார் வாழ்ந்தார். அவர் கட்டிய ஆட்டுப்பட்டியை ஒட்டி 186 கிலோ எடையுள்ள ஒரு தட்டைக்கல் இன்றும் கிடக்கிறது. அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பட்டியைச் சுற்றிவர வேண்டும். இன்று உலகெங்கும் நடக்கும் வலிமைப் போட்டிகளில் ‘ஹூசஃபெல் கல்’ என்று ஒரு சுற்று வைக்கிறார்களே, அது இந்த ஆட்டுப்பட்டியிலிருந்து போனதுதான்.

இந்த மண்ணில்தான் யோன் பால் வளர்ந்தார். சிறுவயதில் கிளீமா பழகினார். கிளீமா ஐஸ்லாந்தின் பழைய மல்யுத்தம். எதிராளியின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கால் வேகத்தால் வீழ்த்துகிற கலை. கோடைக்காலங்களை ஸ்காலேயார் என்ற தீவுப் பண்ணையில் கழித்தார். பண்ணை வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமப்பது, இழுப்பது, ஏற்றுவது, இறக்குவது. நாள் முழுக்க அதுதான். ஒரு தடவை தூக்கிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1990இல் இது பேசும்.

இளைஞரானதும் ரெய்க்யவிக்கில் யாகபோல் என்ற கூடத்தில் பயிற்சி எடுத்தார். பவர்லிஃப்டிங்கில் பெயர் பெற்றார். 1981இல், 21 வயதில், அந்த ஆண்டின் சிறந்த ஐஸ்லாந்து விளையாட்டு வீரராகத் தேர்வு செய்யப்பட்டார். பாடிபில்டிங்கிலும் தேசிய அளவில் வென்றார். பாரம் தூக்குபவர்கள் உடலழகைக் கவனிக்க மாட்டார்கள், உடலழகைக் கவனிப்பவர்களுக்குப் பாரம் தூக்க வராது என்ற பேச்சு அன்றும் இருந்தது. அந்தப் பேச்சு இந்த மனிதரிடம் எடுபடவில்லை.

இப்போது அந்தப் போட்டிக்கு வருவோம். ‘உலகின் மிக வலிய மனிதர்’ போட்டி 1977இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தொடங்கியது. தொலைக்காட்சிக்காகவே பிறந்த போட்டி. லாரி இழுப்பது, கார் தூக்குவது, மரத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்துவது, பீப்பாய் சுமந்து ஓடுவது, கைமல்யுத்தம் என்று பல சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வருபவருக்கு அதிகப் புள்ளி, அடுத்தவருக்கு ஒன்று குறைவு, அப்படியே கீழே இறங்கும். இருவர் சமமாக முடித்தால் புள்ளியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்து யார் முந்துகிறாரோ அவரே சாம்பியன். ஆகவே ஒரு சுற்றில் மலையைப் புரட்டினாலும் அடுத்த சுற்றில் மூச்சு வாங்கி நின்றால் பட்டம் கிடையாது.

1980, 81, 82 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அமெரிக்காவின் பில் காஸ்மையர். பெஞ்ச் பிரஸ்ஸில் 300 கிலோ தூக்கிய கைகள் அவருடையவை. 1983இல் அவர் களத்தில் இல்லை. அந்த ஆண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தின் ஜெஃப் கேப்ஸ். குண்டு எறிதலில் மூன்று ஒலிம்பிக் பார்த்தவர், முன்னாள் போலீஸ்காரர். மலைபோன்ற உடம்பு, வீட்டிலே வளர்த்ததோ பட்ஜெரிகர் என்ற சின்னஞ்சிறு கிளிகள். அந்தக் கிளி வளர்ப்பிலும் அவர் பெரிய பெயர் எடுத்தவர். 2024இல் தம் 75ஆம் வயதில் காலமானார். அந்தக் கேப்ஸுக்கு அடுத்து, 1983இல் இரண்டாமிடம் வந்தவர் ஒரு பொன்னிறத் தலைமுடி இளைஞர். நம் யோன் பால்.

மறு ஆண்டு ஸ்வீடனின் மோரா நகரம். கைமல்யுத்தச் சுற்றில் கேப்ஸின் கையை மடக்கிச் சாய்த்தார் யோன் பால். சாய்த்தவர் சும்மா எழுந்து போனாரா? அரசர் தன் மணிமுடியை இழந்துவிட்டார் என்று அரங்கமே அதிர முழங்கினார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே. வயது 24. 1985இல் போர்ச்சுகலின் கஷ்காய்ஷில் கேப்ஸ் திருப்பி அடித்தார். யோன் பால் இரண்டாமிடம். 1986இல் பிரான்சின் நீஸ் நகரில் யோன் பால் மறுபடி வென்றார், கேப்ஸ் இரண்டாமிடம். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர். இருவரும் எதிரிகளா? களத்தில் ஆம். ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த உயரத்துக்குப் போயிருக்க முடியாது என்பதே என் எண்ணம். நல்ல எதிராளி கிடைப்பது ஒரு விளையாட்டு வீரருக்குப் பெரிய பாக்கியம்.

அந்த நீஸ் போட்டியில்தான் உருண்டைக் கற்கள் முதன்முதலாக அறிமுகமாயின. ஒன்றைவிட ஒன்று கனமான கற்களை வரிசையாகத் தூக்கி மேடைகளில் ஏற்ற வேண்டும். இன்று பல வலிமைப் போட்டிகள் அந்தச் சுற்றோடுதான் நிறைவடைகின்றன. கற்களின் நாட்டிலிருந்து வந்தவர் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் செய்தி.

சரி, காஸ்மையர் என்ன ஆனார்? இந்தக் கேள்வி அப்போது எல்லோரிடமும் இருந்தது. காஸ்மையர் வந்திருந்தால் இந்தப் பையன் ஜெயித்திருப்பானா என்று கேட்டார்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் அந்தக் கேள்வி நிழலாக வந்தது. 1987இல் அதற்கு விடை கிடைத்தது. அந்த ஆண்டு உலகப் போட்டியே நடக்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் ஹண்ட்லி கோட்டையில் மூவரை மட்டும் அழைத்தார்கள். காஸ்மையர், கேப்ஸ், யோன் பால். பட்டம் பெற்ற மூன்று பேர், பாழடைந்த பழைய கோட்டை, ஒளிந்துகொள்ள இடமில்லை. யார் வென்றார்? யோன் பால் வென்றார். மறு ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்டில் உலகப் போட்டி. காஸ்மையர் முறைப்படி திரும்பி வந்தார். அங்கும் யோன் பால் முதலிடம், காஸ்மையர் இரண்டாமிடம். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நண்பர்களே, இவ்வளவும் பட்டியல். எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். பட்டியலுக்கு அப்பால் போவோம்.

அவர் பாரம் தூக்கும் படக்காட்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குனிவார். பிடிப்பார். முழுப் பாரமும் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார், சிரிப்பார், கண் சிமிட்டுவார். ஒரு போட்டியில் பாரம் ஏற்றிய வண்டியைத் தூக்க நின்றபோது, பார்வையாளர் ஒருவர் அவரை எஸ்கிமோ என்று கூப்பிட்டார். நான் எஸ்கிமோ அல்ல, நான் வைக்கிங் என்று திரும்பி முழங்கிவிட்டு வண்டியைத் தூக்கினார். டெட்லிஃப்ட் செய்ய முடியாவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்று பாரத்தைப் பிடித்தபடி கத்தியதும் அவர்தான். ‘யோன் பாலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை’ என்று அவர் சொல்லிவந்த வாக்கியம் ஐஸ்லாந்தில் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. இன்றும் ஒரு கடினமான வேலையை முடித்தால் அதைச் சொல்பவர்கள் உண்டு.

இங்கே பயிற்சியாளர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன். பாரம் தூக்கும்போது பேசலாமா? கூடாது. மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, முதுகெலும்பைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தால் பிடி தளரும் என்றுதான் நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள். சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அப்படியானால் இந்த மனிதர் ஏன் பேசினார்? தூக்கி நிறுத்திய பிறகும் அவரிடம் மிச்சம் இருந்தது. பிடி நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே நிற்கும் போட்டியாளர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பல்லைக் கடித்துத் தூக்கிய பாரத்தை இன்னொருவன் சிரித்துக்கொண்டே தூக்குகிறான் என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்? பாதி வெற்றி அங்கேயே வந்துவிடும்.

ஆனால் அதை வெறும் தந்திரம் என்று சொன்னால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அதற்குச் சாட்சி 1990.

1989இல் ஸ்பெயினில் நடந்த போட்டியில் இங்கிலாந்தின் ஜேமி ரீவ்ஸ் வென்றார். யோன் பாலுக்கு மூன்றாமிடம். அவர் காலம் முடிந்தது என்று பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு பின்லாந்தின் யோவென்சூ நகரம். அங்கே அமெரிக்காவிலிருந்து ஓ. டி. வில்சன் என்பவர் வந்திருந்தார். ராணுவத்தில் இருந்தவர், பவர்லிஃப்டர். யோன் பாலைவிட உயரம், யோன் பாலைவிடப் பல பத்துக் கிலோ கூடுதல் எடை. பாரம் தூக்கும் சுற்றுகளில் அவர் பக்கத்தில் நிற்க ஆளில்லை. சுற்றுக்குச் சுற்று புள்ளிகளைச் சேர்த்தார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் அவர் தெளிவாக முந்தியிருந்தார். பட்டம் அமெரிக்காவுக்கு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரம்.

கடைசிச் சுற்று என்ன தெரியுமா? முதுகில் 100 கிலோ சுமையோடு 200 மீட்டர் ஓட வேண்டும்.

சுமை ஒன்றுதான். தூரம் ஒன்றுதான். ஆனால் உடம்பு ஒன்றல்லவே! பெரிய உடம்புக்காரர் 100 கிலோவை மட்டுமா சுமக்கிறார்? தன் எடையையும் சேர்த்துச் சுமக்கிறார். முதல் 50 மீட்டரைத் தசை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பேசுவது நுரையீரல், இதயம், கால்கள். நாள் முழுக்கச் சுமந்து பழகிய பண்ணைப் பையனின் கால்கள். நிமிர்ந்து நின்று மல்யுத்தம் பழகிய கிளீமாக்காரனின் கால்கள். யோன் பால் ஓடினார். முதலாவதாக வந்தார். வில்சன் பாதை நெடுக மூச்சுக்குப் போராடினார். ஒவ்வொருவராக அவரைக் கடந்தார்கள். ஆனாலும் அவர் சுமையைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. அதற்காக அவரையும் இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். பிறகு புள்ளிகளைக் கூட்டினார்கள்.

யோன் பால் வென்றார். வித்தியாசம் எவ்வளவு? அரைப் புள்ளி! பல நாள் போட்டி, பல சுற்றுகள், டன் கணக்கில் பாரம், எல்லாம் சேர்ந்து கடைசியில் அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளியில் நான்காவது பட்டம்.

தோற்றுக்கொண்டிருப்பவன் சிரிக்க முடியுமா? கணக்கில் பின்தங்கியவன் கடைசி ஓட்டத்தில் கால்களை நம்ப முடியுமா? தன் வேலையை நேசிப்பவனால்தான் முடியும். தந்திரம் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் உதவும். 200 மீட்டரின் கடைசி 50 மீட்டரில் தந்திரம் ஒருவனைத் தாங்காது.

இனி துக்கமான பகுதிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை.

1993 ஜனவரி 16. ரெய்க்யவிக்கில் அவருடைய சொந்தப் பயிற்சிக்கூடம், ஜிம் 80. டெட்லிஃப்ட் செய்துகொண்டிருந்தபோது அவருடைய பெருந்தமனி கிழிந்தது. அங்கேயே சரிந்தார். வயது 32. யோவென்சூவில் அவரோடு போராடிய ஓ. டி. வில்சன் அதற்கு முன்பே, 1991இல், மாரடைப்பில் இறந்திருந்தார். 1990இல் அரைப் புள்ளியில் பிரிந்த இருவரும் மூன்று ஆண்டுக்குள் இல்லை.

யோன் பாலின் டெட்லிஃப்ட் வாசகத்தையும் அவர் மரணத்தையும் சேர்த்து, விரும்பியபடியே இறந்தார், வீர மரணம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாழ விரும்பியவர். சிரிக்க விரும்பியவர். 32 வயது சாகிற வயதல்ல. கனமான பாரத்தை மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் மிகப் பயங்கரமாக ஏறும். இதயத்திலோ பெருந்தமனியிலோ ஏற்கெனவே பலவீனம் இருந்தால் அந்தக் கணம் ஆபத்தானது. 1980களின் வலிமை விளையாட்டில் ஸ்டீராய்டு மருந்துகள் பரவலாக இருந்தன என்பதும், இந்தப் போட்டிகளில் ஒழுங்கான மருந்துச் சோதனை இருக்கவில்லை என்பதும் மறைக்கக்கூடாத உண்மைகள். ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்கோ பாருங்கள். ரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஜிம்மில் யாராவது ஊசி நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நான் கும்பிடும் வீரர் 32 வயதில் போய்விட்டார். நீங்கள் யாரும் அப்படிப் போகக்கூடாது.

அவருக்குப் பின் என்ன நடந்தது? 1991இல் காயத்தால் யோன் பால் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. அவர் நாட்டிலிருந்து இன்னொருவர் களமிறங்கினார். மக்னூஸ் வேர் மக்னூசன். முதல் முயற்சியிலேயே பட்டத்தோடு திரும்பினார். பிறகு 1994, 1995, 1996 என மூன்று முறை தொடர்ந்து வென்று, யோன் பாலின் நான்கு என்ற எண்ணிக்கையைத் தொட்டார். அந்த மக்னூஸ் வேர் பின்னாளில் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். அதற்கு வைத்த பெயர் யாகபோல். யோன் பால் இளம் வயதில் பாரம் தூக்கிய அதே பழைய கூடத்தின் பெயர்.

அந்தப் புதிய யாகபோலுக்குக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த நெட்டையான இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான். ஹஃப்தோர் ப்யோர்ன்சன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் மலை என்ற பாத்திரத்தில் நடித்தவர் என்றால் உங்களில் பலருக்கு முகம் நினைவு வரும். அவர் 2018இல் உலகப் பட்டத்தை வென்றார். 2020 மே 2 அன்று தம் சொந்தக் கூடத்தில் 501 கிலோ டெட்லிஃப்ட் தூக்கினார். யோன் பாலின் நான்கு, மக்னூஸ் வேரின் நான்கு, ஹஃப்தோரின் ஒன்று. ஆக ஒன்பது உலகப் பட்டங்கள். யோன் பால் முதல் பட்டம் வென்ற ஆண்டில் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நேரம் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் மேடைக்கு அருகில் வாருங்கள், பேசுவோம்.